ஊதுங்கள்... உங்கள் குடல் பேசும்!

"பாலா? ஐயையோ, எனக்கு ஒத்துக்காதுங்க! குடிச்ச அரை மணி நேரத்துல வயிறு கடமுடான்னு உருட்ட ஆரம்பிச்சிடும்."

இப்படிச் சொல்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்!

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடுகிற கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ள ஊர். விளைச்சலில் ஒரு பங்கு தானியத்தையும், மாடு கன்றையும் பெருமாளுக்கென்று கொண்டு வந்து விடுகிற விவசாயக் குடும்பங்கள் வந்து போகிற ஊர்.

அந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கொல்லையில் கறவை மாடு. அடுப்பில் நுரை பொங்கும் பால். ஆனால் வீட்டுத் தலைவி மட்டும் பாலைத் தொட்டுப் பத்து வருஷமாகிறது! வயது நாற்பத்தைந்து. முதலில் பாலை நிறுத்தினார். அப்புறம் தயிரை. அப்புறம் "பருப்பும் வாயு" என்று சாம்பாரை. இப்போது தட்டில் ரசம் சாதம் மட்டும்தான்.

"எல்லாம் வாயும்மா. ஓமத் தண்ணி குடி, சரியாயிடும்" என்கிறார் மாமியார். "ஏங்க, மெடிக்கல் ஷாப்புல கேஸ் மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்று கணவரிடம் சொல்கிறார் இவர். வயிற்று உப்புசம் போனபாடில்லை. போதாக்குறைக்கு இடுப்பு வலி வேறு சேர்ந்து கொண்டிருக்கிறது.

இவருக்குப் பால் உண்மையிலேயே ஒத்துக் கொள்ளவில்லையா? அல்லது பத்து வருஷமாகப் பாலின் மேல் வீண்பழியா?

இதைக் கண்டுபிடிக்க ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ஒரு குழாயில் மூச்சை ஊதினால் போதும் என்றால் நம்புவீர்களா?

வயிற்றுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். நம் உடம்பின் சொந்த செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தைத்தான் டாக்டர்கள் 'மைக்ரோபயோம்' என்கிறார்கள்.

கிருமி என்றதும் பயந்து விடாதீர்கள். இவை நம் வாடகைதாரர்கள். வாடகையும் ஒழுங்காகத் தருகிறார்கள்.

நாம் சாப்பிடுவதில் சிறுகுடல் உறிஞ்சிக் கொண்டது போக மிஞ்சுவது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. இட்லி மாவு பாத்திரத்தில் இரவு முழுக்க நடப்பதை நினைத்துப் பாருங்கள். மாவு ஏன் பொங்குகிறது? உள்ளே உண்டாகும் வாயுவால்தானே! அதேதான் குடலுக்குள்ளும் நடக்கிறது.

அப்போது உண்டாகும் வாயுக்களில் முக்கியமானவை ஹைட்ரஜன், மீத்தேன். நம் உடம்பின் செல்களுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கத் தெரியாது. அது கிருமிகளின் கைவரிசை மட்டுமே! உண்டான வாயுவில் ஒரு பங்கு, குடல் சுவர் வழியே ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியே வருகிறது. ஆக, மூச்சில் ஹைட்ரஜன் திடீரென்று ஏறினால் என்ன அர்த்தம்? "எங்களுக்கு இப்போ சாப்பாடு வந்திருக்கு" என்று கிருமிகள் தகவல் சொல்கின்றன என்று அர்த்தம்.

மனித உடலில் ஹைட்ரஜன் எங்கே, எவ்வளவு உண்டாகிறது என்பதை 1969-ல் அளந்து எழுதியவர் மைக்கேல் லெவிட் என்ற அமெரிக்க டாக்டர். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மூச்சுப் பரிசோதனை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாய் நாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹைட்ரஜனுக்கும் மீத்தேனுக்கும் வாசனையே கிடையாது. கருவிக்குத்தான் தெரியும், மூக்குக்குத் தெரியாது.

எப்படிச் செய்கிறார்கள்?

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. காலையில் வாயைக் கொப்பளித்து விட்டு முதலில் ஒருமுறை ஊத வேண்டும். பிறகு 25 கிராம் லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரையை, தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஏறக்குறைய அரை லிட்டர் பாலை ஒரே மூச்சில் குடித்ததற்குச் சமம். அதன் பின் கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை ஊத வேண்டும். மொத்தம் சுமார் மூன்று மணி நேரம். கையில் ஒரு புத்தகத்தோடு போவது நல்லது!

லாக்டோஸை உடைப்பதற்குச் சிறுகுடலில் 'லாக்டேஸ்' என்ற என்ஸைம் வேண்டும். அது போதுமான அளவு இருந்தால் லாக்டோஸ் அங்கேயே ஜீரணமாகிவிடும். மூச்சில் மாற்றம் இருக்காது. குறைவாக இருந்தால் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். கிருமிகளுக்குக் கல்யாண விருந்து! மூச்சில் ஹைட்ரஜன் ஏறும். தொடக்க அளவை விட, பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு கூடினால், 'பால் சர்க்கரை ஜீரணமாகவில்லை' என்று எடுத்துக் கொள்கிறார்கள்.

கிருமிகள் இருக்கக் கூடாத அளவுக்குச் சிறுகுடலிலேயே பெருகிவிட்டனவா என்று பார்க்கவும் இதே முறைதான். லாக்டோஸுக்குப் பதில் 75 கிராம் குளுக்கோஸ் தருவார்கள். குளுக்கோஸ் சிறுகுடலின் மேல் பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல் வரை போகாது. அப்படியிருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹைட்ரஜன் 20 பங்கு ஏறினால், மேலேயே யாரோ குடியேறியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும்.

சிலருக்கு ஹைட்ரஜன் ஏறவே ஏறாது. காரணம், ஹைட்ரஜனைச் சாப்பிட்டு மீத்தேனாக மாற்றும் வேறு ஒரு வகை நுண்ணுயிர் அவர்கள் குடலில் இருக்கும். அதனால் நல்ல பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வாயுவையும் சேர்த்தே அளப்பார்கள். மீத்தேன் அதிகமாக இருப்பவர்களிடம் மலச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது.

வேலூர் சொன்ன பாடம்

மூச்சுப் பரிசோதனை பரவலாவதற்கு முன் சிறுகுடலின் கிருமிகளை எப்படிப் பார்த்தார்கள்? வாய் வழியாக மெல்லிய குழாயை விழுங்க வைத்து, சிறுகுடல் வரை இறக்கி, அங்கிருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துத்தான்!

அதை நம் தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 1960-களில் வேலூர் வட்டாரக் கிராமங்களில் 'ட்ராபிகல் ஸ்ப்ரூ' என்ற நோய் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, ரத்தசோகை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எஸ்.ஜே.பேக்கர், டாக்டர் வி.ஐ.மாத்தன் குழுவினர் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாதவர்களின் குடல் நீரையும் எடுத்துப் பார்த்தார்கள்.

அங்கேதான் ஆச்சரியம். நோய் இல்லாத நம்மூர்க்காரர்களின் சிறுகுடலிலும் கிருமிகள் இருந்தன! 1972-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன. அதோடு விடவில்லை. அந்தக் கிருமிகளில் சில வைட்டமின் பி-12 தயாரிக்கின்றன என்று 1980-ல் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் அறிவித்தார்கள். வாடகை தருகிறார்கள் என்று சொன்னேனே, இது ஒரு உதாரணம்.

இன்னொரு உதாரணமும் அதே வேலூரிலிருந்துதான். காலராவால் பாதிக்கப்பட்ட 48 பேருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அதோடு, சிறுகுடலில் ஜீரணமாகாத ஒரு வகை மக்காச்சோள மாவைக் கலந்து தந்தார்கள். ஜீரணமாகாததை எதற்குத் தர வேண்டும்? பெருங்குடல் கிருமிகளுக்காக! கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலங்கள், குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. அந்தப் பிரிவினருக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினரின் இந்த ஆய்வு 2000-ல் வெளியானது.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன? குடலில் வாயு உண்டாவதே நோயல்ல. சிறுகுடலில் கிருமி இருப்பதும் எல்லோருக்கும் நோயல்ல. மூச்சில் எண் ஏறிவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை நோயாளி ஆக்கிவிடக் கூடாது. எண்ணோடு உபாதையும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த டாக்டர் வேண்டும்.

நம்மில் எத்தனை பேருக்குப் பால் ஜீரணமாகாது?

கொஞ்சம் திகைக்காமல் படியுங்கள். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குத்தான் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரம், புதுச்சேரி பக்கத்தில் நூற்றுக்கு 67 பேருக்கு! 2010-ல் மூச்சுப் பரிசோதனையோடு மரபணுவையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான தென்னிந்தியர்களில் நூற்றுக்கு 79 பேருக்கும், வட இந்தியர்களில் 57 பேருக்கும் லாக்டோஸ் முழுதாக ஜீரணமாகவில்லை.

அதாவது தெற்கே இது நோயே அல்ல. பெரும்பாலோரின் இயல்பு! குழந்தைப் பருவம் தாண்டியதும் லாக்டேஸ் குறைவது பரம்பரையாக வருவது. அப்படியானால் இத்தனை பேரும் காலையில் காபி குடித்துவிட்டு நிம்மதியாகத்தானே வேலைக்குப் போகிறார்கள்?

அதுதான் விஷயம். ஜீரணமாகாமல் இருப்பது வேறு. அதனால் உபாதை வருவது வேறு. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர், 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அதிகத் தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். ஒரு காபியில் நாம் ஊற்றுவது 100 மில்லி பால் என்று வையுங்கள். அதில் லாக்டோஸ் சுமார் 5 கிராம்தான்!

1995-ல் அமெரிக்காவில் லெவிட்டும் சகாக்களும் ஒரு வேடிக்கை செய்தார்கள். "பால் எனக்கு அறவே ஆகாது" என்று அடித்துச் சொன்ன 30 பேரை அழைத்து மூச்சை ஊதச் சொன்னார்கள். அவர்களில் 9 பேருக்கு லாக்டோஸ் ஒழுங்காக ஜீரணமாகியது! பிறகு 30 பேருக்கும், எது என்று சொல்லாமல், ஒரு வாரம் சாதாரணப் பாலும், இன்னொரு வாரம் லாக்டோஸ் உடைக்கப்பட்ட பாலும், தினம் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். இரண்டு வாரத்திலும் உபாதையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமல்ல. வயிற்று வலி நிஜம். பழி போட்ட ஆள்தான் தப்பு!

எது முடியாது?

மூச்சுப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. குடலில் இருக்கும் கிருமிகளின் பெயர்ப் பட்டியலை அது தராது. அதற்கு மலத்தில் உள்ள மரபணுவைப் படிக்கும் பரிசோதனை வேண்டும். பெயர்ப் பட்டியல் 'யார் இருக்கிறார்கள்' என்று சொல்லும். மூச்சு 'என்ன வேலை செய்கிறார்கள்' என்று சொல்லும். வாயு குடலின் எந்த இடத்தில் உண்டாகிறது என்றும் மூச்சால் துல்லியமாகச் சொல்ல முடியாது. சிலருக்குக் குடல் வேகமாக ஓடும். குடித்தது சீக்கிரமே பெருங்குடலுக்குப் போய்விடும். அப்போது 'சிறுகுடலில் கிருமி' என்று தப்பாகத் தோன்றும். இந்தக் குறையைத் தீர்க்க, விழுங்கினால் குடலுக்குள்ளேயே வாயுவை அளக்கும் மின்னணு மாத்திரையை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மனிதர்களிடம் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள்.

'அல்சர் கிருமிக்கு ஊதுவது' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு பரிசோதனை. இரைப்பையில் இருக்கும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமியைக் கண்டுபிடிக்க யூரியா கலந்த திரவம் தருவார்கள். மூச்சில் பார்ப்பது கார்பன் டை ஆக்ஸைடை. இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

ஊதப் போகிறவர்கள் கவனிக்க!

* கடந்த நான்கு வாரத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமிகள் அடிபட்டிருக்கும்போது முடிவு தப்பாகிவிடும்.

* முதல் நாள் பருப்பு, பயறு, காய்கறி, பழம், பால், கோதுமை வேண்டாம். சூடான வெள்ளைச் சாதம், முட்டை, மசாலா இல்லாத மீன் அல்லது கோழி போதும். சைவக்காரர்கள் சாதமும் உப்பும்தான் ஒரு நாளைக்கு! பழைய சோறு கூடாது. ஆறிய சோற்றில் ஜீரணமாகாத மாவுச்சத்து கூடிவிடும்.

* அன்று பீடி, சிகரெட் கூடாது. பரிசோதனை முடியும் வரை தூங்குவதும், வேகமாக நடப்பதும் வேண்டாம்.

* சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊதிக் கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாதவர்களும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கிற வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, விடாத காய்ச்சல், நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம்... இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே டாக்டரிடம் போங்கள். 'வாயு' என்று சொல்லித் தள்ளிப் போடாதீர்கள்.

கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "பால் ஒத்துக்கலை" என்று தாய்ப்பாலை நிறுத்தி விடவே கூடாது. தாய்ப்பாலிலும் லாக்டோஸ் உண்டு. ஆனால் நாம் மேலே சொன்ன லாக்டேஸ் குறைவு பச்சைக் குழந்தைக்கு வருவதில்லை.

சரி, கல்லங்குறிச்சிக்குத் திரும்புவோமா?

நம் கற்பனை வீட்டுத் தலைவிக்கு என்ன வழி? அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் அங்கே காட்டலாம். மூச்சுப் பரிசோதனை தேவையா, அதற்குப் பெரிய ஊரில் உள்ள குடல் நோய் நிபுணரிடம் போக வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். எல்லோருக்கும் தேவைப்படாது.

"எவ்வளவு பால் குடிச்சா வலிக்குதும்மா?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வீட்டிலேயே தயார் ஆகலாம். இரண்டு வாரம் பாலை முழுக்க நிறுத்துங்கள். உபாதை குறைகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு சாப்பாட்டோடு அரை டம்ளர் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். எந்த அளவில் வயிறு முரண்டு பிடிக்கிறதோ, அதுதான் உங்கள் எல்லை. நிறுத்தியும் உபாதை குறையவில்லையா? பால் நிரபராதி!

பால் குற்றவாளியே என்று ஆனாலும், தயிரையும் மோரையும் துரத்தாதீர்கள். உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று விடுகின்றன. மீதியை உடைக்கவும் அவையே உதவுகின்றன. பருப்பு வாயு தருவது எல்லோருக்கும்தான். அதிலுள்ள சில சர்க்கரைகளை உடைக்கும் என்ஸைம் எந்த மனிதருக்கும் கிடையாது. பயறை ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வையுங்கள். வாயு குறையும். அந்த அம்மாவின் இடுப்பு வலிக்குக் காரணம் என்ன என்று டாக்டர் பார்க்கட்டும். ஆனால் பாலை விட்டவர்கள் கால்சியத்தை விட்டுவிடக் கூடாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள்ளும், முருங்கைக் கீரையும், நெத்திலிக் கருவாடும் கைகொடுக்கும்.

அடுத்த முறை வயிறு கடமுடா என்றால், உடனே தட்டிலிருந்து ஒரு உணவைத் தூக்கி எறியாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் வாடகைதாரர்கள் ஏதோ சொல்ல வருகிறார்கள். என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்!